எசுத்தர் பேட்மன்: வெள்ளியில் தன்பெயர் பொறித்த தட்டாத்தி

(திருவண்ணாமலை, இரமணாசிரமப் பகுதியில் மகளிர் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)

 

அண்ணாமலையார் கோயிலின் கீழைக்கோபுரம் அரசர் எடுத்த கோபுரம். கிருட்டிணதேவராயர் தொடங்க, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்பது வரலாறு. உயரம் 217 அடி. வடக்கே நிற்கும் 171 அடிக் கோபுரமோ அரசர் எடுத்ததன்று. வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிய பெண்துறவி ஒருவர் நின்று முடித்தது. அதற்கு ‘அம்மணி அம்மன் கோபுரம்’ என்று பெயர். எந்த அரசாணையும் இட்ட பெயரன்று அது. ஊரார் நா இட்ட பெயர். இன்று அவை கூடியிருக்கும் இவ்விடத்துக்கு அருகே உள்ள இரமணாசிரமமும், 1922-ஆம் ஆண்டில் மறைந்த அழகம்மையாரின் அடக்கத்தைச் சூழ்ந்தே வளர்ந்தது. ஆகவே, பெண் ஒருத்தியின் பெயரைத் தாங்கி நிற்பது இவ்வூர் மண்ணுக்குப் புதுவழக்கமன்று.

ஆயினும் ஒரு கேள்வி உண்டு. கார்த்திகை விழாவின் ஐந்தாம் நாள் இரவில் பெரிய வெள்ளி விடையூர்தி வீதிக்கு வருகிறது. ஆறாம் நாள் இரவில் வெள்ளித்தேர் உலாவருகிறது. தீவட்டி ஒளியில் அவ்வெள்ளித் தகடு மின்னுவதைக் கண்டு கைகுவிக்காதார் இல்லை. அத்தகட்டை அடித்தவர் யாவர்? குமட்டி அடுப்பின் முன் குந்தி, ஊதுகுழல் ஊதி, வெண்காரமிட்டுப் பற்றவைத்த கைகள் எவருடையவை? தட்டாரின் பெயரையே விழாக் காண்போரில் நூற்றில் ஒருவரும் அறியார். அவர் வீட்டில் பூந்திக்கொட்டை நீரில் அவற்றைத் துலக்கி மெருகேற்றிய மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் வினவுவாரும் உண்டோ?

பெயர் சிறிய பொருளன்று. செய்தவர் இன்னார் என்பது வேலையோடு ஒட்டி நிற்குமாயின் கூலியும் நிற்கும், மதிப்பும் நிற்கும், பிறன் அதனைத் தனதென்று சொல்லவும் அஞ்சுவான். பெயர் நீங்கிய வேலை, கைமாறிய அன்றே பிறன் பொருள் ஆகிவிடுகிறது. இதனை நன்கு விளக்கவல்ல ஒரு வாழ்க்கை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் நடந்தது. தன் பெயரை எழுதத் தெரியாத ஒரு கைம்பெண், அப்பெயரின் இரண்டு முதலெழுத்துகளை வெள்ளியில் அடித்து நிலைநாட்டினார். அவர்தாம் எசுத்தர் பேட்மன் அம்மையார்.

தமிழ் நலம் பேசும் அவையில் ஆங்கிலப் பெண்ணின் கதை எதற்கு என்று சிலர் வினவலாம். ஆங்கில மொழி ஆட்சியை எதிர்ப்பது வேறு. ஆங்கில மண்ணில் உழைத்துண்ட ஒரு கைவினைப்பெண்ணிடம் கற்றுக்கொள்வது வேறு. நல்ல கருத்து எத்திசையினின்று வரினும் கொள்ளும் நெஞ்சம் தமிழனுக்கு என்றும் உண்டு. அயலவன் சொல்லைத்தான் வேண்டாம் என்கிறோம். அவன் அறிவை அன்று.

இலண்டன் நகர மதிலுக்கு வடக்கே பன்னில் தெரு என்று ஒரு தெரு. கண்ணொளி இழந்த பெரும்புலவர் மில்டன் 1674-இல் மறையும்வரை வாழ்ந்த வீடு அத்தெருப் பகுதியில்தான் இருந்தது. பிறர் கையால் எழுதுவித்து அவர் ஆக்கிய ‘இழந்த துறக்கம்’ எனும் காப்பியம் 1667-இல் வெளிவந்தபோதும் அவர் இருப்பிடம் அதுவே. அடுத்த நூற்றாண்டில் அதே தெருவில்தான் எசுத்தரின் பட்டறை நடந்தது. பார்வையற்றவர் பாடிய தெருவில் எழுத்தறியாதவர் பொறித்தார் என்று சொல்லிக் கடக்கலாம்.

எசுத்தர் பிறந்தது 1708-ஆம் ஆண்டில். எளிய குடும்பம். பள்ளிப்படிப்பு இல்லை. கையெழுத்திட வேண்டிய இடங்களில் அடையாளம் இட்டவர். 1732-இல் யோவான் பேட்மன் என்பாரை மணந்தார். கணவர் பொற்சங்கிலி செய்யும் தொழிலாளி. வீடே பட்டறை, பட்டறையே வீடு; அத்தகைய குடித்தனம் நம் ஊர்த் தட்டாரத் தெருக்களில் பிறந்தோர்க்கு விளக்க வேண்டாதது. கம்பி இழுத்தலும் வளையம் கோத்தலும் பற்றவைத்தலும் வீட்டுப் பெண்ணின் கண்முன் நிகழ்வன. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அவ்வம்மையார்க்கு அவ்வீடே பள்ளிக்கூடம். அவர் பெயரில் எந்த வேலையும் அதுவரை பதிவாகவில்லை. கணவன் உயிரோடிருக்கும்வரை ஆங்கிலநாட்டுப் பெண்ணுக்குத் தனக்கெனச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையே பெரும்பாலும் இல்லை. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே அது படிப்படியாகக் கிடைத்தது. நாகரிகத்தின் தாயகம் நாங்களே என்று முழங்கியவர்களின் நிலை அது!

1760-இல் யோவான் என்புருக்கி நோயால் இறந்தார். இறக்குமுன் ஒரு முறி எழுதிவைத்தார். அதில் அவர் மனைவிக்கு விட்டுச் சென்றது தொழிற்கருவிகள். இதனைச் சற்று நின்று எண்ண வேண்டும். பொன்னும் பொருளும் விட்டுச் செல்லும் கணவர் உளர். வளர்ந்த ஆண்மக்கள் இருக்கக் கருவிகளை மனைவிக்கு விடுதல் எளிதில் நிகழ்வதன்று. வேலை எவர்க்குத் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

நம்மிடையே பட்டறைக்காரர் ஒருவர் இறந்தால் நடப்பது என்ன? அவர் மனைவியின் கழுத்து நகையும் கைவளையும் கழற்றப்படுகின்றன. ஊருக்கெல்லாம் தாலி செய்த வீட்டில் ஒருத்திக்குத் தாலி அறுகிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் குறடும் சுத்தியும் தராசும் பங்காளியிடம் போகின்றன, அல்லது விலையாகின்றன. அடுப்பூதியும் மெருகிட்டும் முப்பது ஆண்டு பழகிய கை, மூலையில் மடங்கிக் கிடக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டரசு பெண்மக்களுக்குப் பரம்பரைச் சொத்தில் ஒத்த பங்கு தரும் சட்டத்தைக் கொணர்ந்தது. நிலமும் வீடும் பங்கிடும் நாளில் அச்சட்டத்தை நினைப்பவர் உண்டு. பட்டறைக் கருவியும் சொத்துத்தான் என்று நினைப்பவரைக் காண்பது அரிது.

எசுத்தர் மூலையில் அமரவில்லை. 1761-ஆம் ஆண்டு, அதாவது திருவள்ளுவர் ஆண்டு 1792-இல், ஏப்பிரல் 16-ஆம் நாள், இலண்டன் பொற்கொல்லர் மன்றத்திற்குச் சென்று தம் பொறியைப் பதிவு செய்தார். தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு, ‘எச்’, ‘பி’ என்பன, சாய்ந்த கையெழுத்து வடிவில் அமைந்த பொறி. அன்று அவர்க்கு அகவை ஐம்பத்திரண்டு.

பொறி என்னும் இச்சொல்லின் பொருளை ஈண்டுத் தெளிவாக்குதல் நலம். புலிப்பொறி, விற்பொறி, கயற்பொறி என்று மூவேந்தர் வழங்கிய சொல்லே இது. இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே வெள்ளிக்குத் தர அளவு வகுத்தனர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. எஞ்சியது வலிமைக்காகச் சேர்க்கும் செம்பு. அத்தரம் உடையது என்பதற்குச் சிறுத்தைத்தலைப் பொறி. 1363 முதல் செய்தவரும் தம் பொறியை இடவேண்டும் என்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பொருள்களை எல்லாம் பொற்கொல்லர் மன்றத்துக்கே கொணர்ந்து தேர்ந்து பொறியிட்டுச் செல்லும் முறை வந்தது. மன்றத்தில் இட்ட பொறி ஆதலின் அது ‘ஆல்மார்க்’ ஆயிற்று. ‘ஆல்’ என்பது மன்றம். ‘மார்க்’ என்பது பொறி. நம் நகைக்கடைப் பலகைகளில் ‘ஆல்மார்க் நகை’ என்று அடித்தெழுதி வைத்திருப்போர், மன்றப்பொறி என்று எழுதினால் தமிழ்ப்பெண்ணுக்கு அது விளங்காமற் போய்விடுமோ?

ஆகவே எசுத்தர் பதிந்தது வெறும் அழகுக்குறி அன்று. மாற்றுக் குறைந்தால் மன்றத்தார் அப்பொருளை உடைத்தெறிவர். பழி அப்பொறிக்கு உரியவரைச் சேரும். வள்ளுவர் ஆண்ட கட்டளைக்கல் என்னும் சொல்லின் பொருள் முழுதும் அவ்விரண்டு எழுத்தில் அடங்கியது. ‘இதற்கு விடைசொல்ல வேண்டியவள் யான்’ என்று ஒரு கைம்பெண் ஊரறிய ஒப்புக்கொண்டதே அப்பதிவு.

பொறி பதிந்த பெண்டிருள் அவர் முதல்வர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1741-இல் எலிசா காட்பிரே என்பார் பதிந்தார். எசுத்தரின் காலத்திலேயே உலூயிசா கோர்ட்டால்டு என்பார், பிரான்சிலிருந்து சமயக்கொடுமைக்கு அஞ்சிக் குடிபெயர்ந்த குலத்தவர், கணவர் மறைந்தபின் பட்டறையை நடத்தினார். பெரும்பாலார் கைம்பெண்களே. கணவன் தொழிலைத் தொடரும் உரிமையைக் கைம்பெண்ணுக்கு அக்காலத் தொழிற்குழுக்கள் அளித்திருந்தன. கன்னிக்கும் மனைவிக்கும் அவ்வழி குறுகியதே. இவர்களுள் எசுத்தரைத் தனித்து நிற்கச்செய்தது, சிறுபட்டறையைப் பெருந்தொழிலாக்கிய அவர் திறன்.

அது உடனே நடந்துவிடவில்லை. முதற் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் அவர் பட்டறை பெரும்பாலும் பிற வெள்ளிக்கொல்லர்க்கும் கடைக்காரர்க்கும் கூலிவேலை செய்து கொடுத்தது என்று துறையறிஞர் கருதுகின்றனர். செய்தது பேட்மன் பட்டறை. மேலே அடித்தது மற்றவர் பொறி. அவர் பொறிமேல் வேறு பொறி அடித்த கலங்கள் இன்றும் கிடைக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மேலே உள்ளவன் எழுத்தின் அடியில் கீழே உள்ளவள் எழுத்தின் வளைவு மங்கலாகத் தெரியும். பொறி பதிந்தும் பெயர் புதைந்தது! பதிவு ஒன்றே போதாது. சந்தையும் கைக்கு வரவேண்டும்.

1774-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து நிலை மாறியது. அவர் பொறி மட்டுமே தாங்கிய கரண்டிகளும் கலங்களும் மிகுதியாக வெளிவந்தன. மக்கள் பீட்டரும் யோனத்தானும் உடன் உழைத்தனர். யோனத்தானின் மனைவி ஆன் என்பாரும் பட்டறையில் இருந்தார். தொழில் பயிலும் இளைஞரும் கூலியாளரும் சேர்ந்தனர். எசுத்தர் பொறியுள்ள ஒவ்வொரு கரண்டியையும் அவரே அடித்தார் என்று எண்ணுவது பேதைமை. பொறி, ஒரு கையைக் குறிப்பதன்று. ஒரு பொறுப்பைக் குறிப்பது. அதன்கீழ்ப் பெயரின்றி உழைத்தவர்கள் அங்கும் இருந்தனர். இதனை மறைத்துப் புகழ்பாடினால் அது வரலாறு ஆகாது.

அவர் எதிர்கொண்ட போட்டி கடுமையானது. செபீல்டு நகரத்தில் தாமசு பௌல்சோவர் என்பார் 1740-களில் ஒரு வழி கண்டிருந்தார். செப்புக்கட்டியின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிணைந்துவிடும். பின் உருளைகளுக்கு இடையே செலுத்தினால் எவ்வளவு மெலிந்தாலும் மேலே வெள்ளி, உள்ளே செம்பு. தோற்றம் வெள்ளி; விலை மிகக் குறைவு. பர்மிங்காமில் பெருந்தொழிற்கூடங்கள் எழுந்தன. 1773-இல் செபீல்டும் பர்மிங்காமும் தத்தமக்கெனப் பொறியிடும் அலுவலகங்களைப் பெற்றன. இலண்டன் கைவினையாளர் பலர் இதனால் அலமந்தனர்.

எசுத்தர் பட்டறையின் விடை வெளிப்படையானது. பகைவன் கருவியையே எடுத்துக்கொள்வது. உருளையில் இழைத்த மெல்லிய தூய வெள்ளித்தகட்டை வாங்கி, அதனை வெட்டி வளைத்துப் பற்றவைத்தனர். கட்டியிலிருந்து அடித்தடித்து எழுப்பும் நாட்கணக்கான உழைப்பு குறைந்தது. வெள்ளியின் எடை குறைந்தது, விலையும் இறங்கியது. ஆனால் உள்ளே செம்பு இல்லை, மன்றப்பொறி உண்டு. பிரபுக்களின் மாளிகையை விட்டுவிட்டுக் கடைக்காரன், வழக்கறிஞன், ஊர்ப்புறத்து நிலக்காரன் ஆகியோரின் வீட்டு மேசையை அவர் குறிவைத்தார். போலி வேண்டாம், மெய்யே மலிவாகத் தருவோம் என்பது அவ்வணிகத்தின் உயிர்நிலை.

மெல்லிய தகட்டுக்குப் பொருந்திய அழகையும் அவர் பட்டறை கண்டது. நீள்வட்டத் தேநீர்க் கெண்டிகள், விளிம்பைச் சுற்றிச் சிறுமணி கோத்தாற்போன்ற வரிசை, அரத்தால் துளைத்துப் பூவேலை செய்த கூடைகள். மேற்பரப்பில் உளியைச் சாய்த்துச் செதுக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வெட்டும் சிறு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். தகடு மெலிந்தது கண்ணுக்குத் தெரியாது, ஒளிதான் தெரியும். உப்புக் கிண்ணங்களில் நீலக் கண்ணாடி உட்கலம் வைத்தனர். உப்பு வெள்ளியை அரிக்கும் என்பதற்கான காப்பு அது. துளைவேலையின் ஊடே நீலம் தெரிவது அதனால் விளைந்த அழகு. அடுக்களை அறிந்த பெண்ணின் அறிவு பட்டறையில் பேசுகிறது என்று இவ்வேலையைக் காண்பவர்க்குத் தோன்றும். தகடு மிக மெல்லிது, நாட்பட்டுத் தேய்கிறது என்று குறைகூறும் வல்லுநரும் உளர். அக்குறை மெய்யே. குறைந்த விலைக்குத் தந்ததன் மறுபக்கம் அது.

அந்தத் தேநீர்க் கெண்டிகளின் கதையில் ஒரு கசப்பு இருக்கிறது. தமிழர் அவையில் அதைச் சொல்லாமல் விடலாகாது. அவர் பொறி பதிந்தது 1761 ஏப்பிரல். அதற்கு மூன்று திங்கள் முன்னர், அதே ஆண்டு சனவரியில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தார் பட்டினி போட்டுப் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1767 செப்டம்பரில் இத்திருவண்ணாமலையிலேயே போர். ஒருபுறம் ஐதர் அலியும் நிசாமும். மறுபுறம் குழுமத்தின் படைத்தலைவன் சோசப் சுமித்து. ‘சுமித்து’ என்றால் ஆங்கிலத்தில் கொல்லன் என்று பொருள்! ஒரு கொல்லன் பெயர்கொண்டவன் இங்கே பீரங்கி வைத்துச் சுட்ட நாளில், உண்மையான கொல்லத்தி ஒருத்தி அங்கே கரண்டி அடித்துக்கொண்டிருந்தார். குழுமம் சீனத்திலிருந்து தேயிலையைக் கப்பல் கப்பலாக ஏற்றியது. 1784-இல் ஆங்கில அரசு தேயிலைவரியை நூற்றுக்கு 119 என்பதிலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தது. தேநீர் எளியவர் வீட்டுக்கும் வந்தது; கெண்டிகளுக்கும் கிராக்கி ஏறியது. அதே ஆண்டில் வெள்ளிக்கு அவுன்சுக்கு ஆறு பென்சு வரி போட்டனர். வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசன் தலையையும் பொறித்தனர். எசுத்தரின் பிற்காலக் கலங்களில் அவருடைய இரண்டு எழுத்துகளோடு சிங்கமும் சிறுத்தைத்தலையும் ஆண்டெழுத்தும் அரசன் தலையும் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

எசுத்தர் படை நடத்தவில்லை, நாடு பிடிக்கவில்லை. ஆயினும் அவர் பட்டறை செழித்த காலமும் தமிழகக் கைவினைஞர் நொடியத் தொடங்கிய காலமும் ஒன்றே. புகழும்போது இதனை நினைந்தே புகழ வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழில் குயத்தி, கொல்லத்தி, தட்டாத்தி என்ற பெண்பாற் சொற்கள் உள்ளன. புறநானூற்றுப் புலவர் வெண்ணிக் குயத்தியார் கரிகாலன் முன்னிலையில் அஞ்சாது பேசியவர். அவர் பெயரிலேயே மட்கலத் தொழில் நிற்கிறது. இன்று ‘தட்டாத்தி’ என்று சொன்னால் தட்டார் வீட்டுப் பெண் என்றுதான் கொள்கிறார்கள். தொழில் செய்பவள் என்ற பொருள் தேய்ந்து, குலத்தில் பிறந்தவள் என்ற பொருள் தங்கிவிட்டது. சொல் தேய்ந்த வழியே உரிமையும் தேய்ந்தது.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். மாமன்னன் இராசராசன் கொடுத்த பொற்கலம், வெள்ளிக்கலம் ஒவ்வொன்றுக்கும் எடை சொல்லப்படுகிறது. ‘ஆடவல்லான்’ என்னும் நிறைகல்லால் எடுத்த செய்தி உண்டு. அக்கன் குந்தவையார் கொடுத்தவையும் உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர், அவர்க்கு ஒதுக்கிய வீடு வரை உண்டு. உலகில் அக்காலத்து எந்த மன்னன் நானூறு பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டினான்? கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் உண்டு. அத்துணைப் பெருமனம் படைத்த அக்கல்லிலும், வெள்ளிக்கலங்களின் வரிசையில் கலத்தின் பக்கத்தே அதனை அடித்த தட்டானின் பெயரைக் காணோம்.

சிலப்பதிகாரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். கோவலன் கொண்டு சென்ற சிலம்பு தன்னுடையது என்று அவனால் காட்ட முடியவில்லை. புறத்தே அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. உள்ளேயிருந்த பரல் ஒன்றே வேறுபாடு. ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து. அவையில் சிலம்பை உடைத்துக் காட்டவேண்டிய நிலைக்குக் கண்ணகி வந்தது, கணவன் வெட்டுண்ட பின்னர். புகார்த் தட்டான் ஒருவன் தன் பொறியை அச்சிலம்பின் உட்புறத்தே அடித்திருந்தால்! ஒரு பொய்யன் செய்த குற்றத்தைப் பொற்கொல்லர் குலத்தின்மேல் ஏற்றி இரண்டாயிரம் ஆண்டாகப் பேசுகிறோம். அச்சிலம்பை அத்துணை நுட்பமாகச் செய்த நல்ல கொல்லனை ஒருநாளும் பேசியதில்லை.

இவை பழங்கதை எனின், சேலத்துக்குச் செல்க. தமிழ்நாட்டு மகளிர் காலில் ஒலிக்கும் வெள்ளிக்கொலுசில் பெரும்பகுதி அங்கே பிறக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றூர்களிலும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பெண்கள் வளையம் கோக்கிறார்கள், சலங்கை வைத்துப் பற்றவைக்கிறார்கள், மெருகிடுகிறார்கள். எசுத்தரின் முதற் பன்னிரண்டு ஆண்டுக் கூலிவேலை அதுவே அன்றோ? வெள்ளி வணிகருடையது, கடைப்பெயர் இன்னொருவருடையது, கண்ணெரிச்சல் மட்டும் அவர்களுடையது.

இந்திய அரசின் தர அமைப்பு 2000-ஆம் ஆண்டில் பொன்னுக்கும் 2005-இல் வெள்ளிக்கும் மன்றப்பொறி முறையைத் தொடங்கியது. பொன்னுக்கு 2021 சூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. நகைதோறும் ஆறு குறிகள் கொண்ட தனியெண் பொறிக்கிறார்கள். 2025 செப்டம்பர் முதல் விருப்பமுறையில் வெள்ளிக்கும் அவ்வெண் வந்துள்ளது. ஏமாற்றுக்கு அணைபோட்டது நல்லதே. ஆனால் அவ்வெண்ணைக் கொண்டு தேடினால் கிடைப்பது பதிவுபெற்ற நகைவணிகரின் செய்தி, தேர்ந்து பார்த்த நடுவத்தின் செய்தி, மாற்று. செய்தவர் இல்லை. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த அக்குறியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

தமிழ்ப்பெண் ஒருத்தி தான் பற்றவைத்த கொலுசின் கொக்கிக்கு உட்புறத்தே, கடுகளவு இடத்தில், தன் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் அடிக்கட்டும். ‘க’ என்றோ ‘மு’ என்றோ ஓரெழுத்து. எழுத்து அச்சு ஒன்று செய்ய ஒரு துண்டு எஃகு போதும். நம் கம்மாளர்க்கு அரைநாள் வேலை. கூட்டுறவுக் கழகமாகப் பத்துப்பெண்கள் சேர்ந்தால் அவ்வெழுத்துகளுக்கு ஓர் ஏடு வைத்துப் பதியலாம். வாங்கும் மகளிரும் கடையில் நின்று, ‘செய்தவர் எழுத்து எங்கே?’ என்று கேட்கட்டும். நகை வாங்கும் கை பெண்ணின் கை. அக்கை கேட்டால் கடைக்காரர் மறுக்க மாட்டார். இன்று கேலிசெய்வோர் செய்யட்டும். எழுத்தறியாக் கைம்பெண் ஒருத்தி மன்றத்துப் படியேறியபோதும் நகைத்தவர் இருந்திருப்பர்.

எசுத்தரின் இறுதிக்காலம் இது. இருபத்தொன்பது ஆண்டுகள் பட்டறையைத் தம் பொறியின்கீழ் நடத்தினார். இடையில் பலமுறை பொறியைப் புதுப்பித்துப் பதிந்தார். 1790-இல், எண்பதைக் கடந்த அகவையில், ஓய்வு பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் மக்கள் பீட்டரும் யோனத்தானும் தம் கூட்டுப்பொறியைப் பதிந்தனர். சில திங்களிலேயே யோனத்தான் இறந்தார். அவர் மனைவி ஆன், மாமியார் முப்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே நிலையில் கைம்பெண்ணாக நின்றார். 1791 மே மாதம் மைத்துனர் பீட்டரோடு அவர் மன்றத்துக்குச் சென்றார். ‘பீ. பே.’ என்பதன் கீழ் ‘ஆ. பே.’ என்று பொருள்தரும் நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட பொறி பதிவாயிற்று. எசுத்தர் மேலும் மூன்று ஆண்டு உயிரோடிருந்து, மருமகள் பொறியுள்ள கலங்கள் பன்னில் தெருவிலிருந்து வெளிச்செல்வதைக் கண்டு, 1794-இல் மறைந்தார். ஆன் 1805-இல் ஓய்வு பெறும்வரை பட்டறையில் இருந்தார். அவர் மகன் வில்லியமும் 1800-இல் அப்பொறியில் சேர்ந்துகொண்டான். மாமியாரின் கரண்டிகளும் கெண்டிகளும் இலண்டன் அருங்காட்சியகங்களில் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. வாசிங்டனில் பெண் கலைஞர்களுக்கென்றே அமைந்த அருங்காட்சியகத்திலும் பிரித்தானியப் பெண் வெள்ளிக்கொல்லர்களின் கலங்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். அவற்றுள் அவர் கலங்களும் உள்ளன. திருப்பிப் பார்த்தால் அடியில் அவ்விரண்டு எழுத்துகள்.